உலோகம்: இல்லை

தல்கத் ஜாக்கீரோவிச் பிக்முல்லின் பதினொன்றாவது முறையாகக் குடுவையைத் தாங்கியிலிருந்து கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். காலையில் ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது. மேலே தண்ணீர், அடியில் எண்ணெய் போல மஞ்சளாக ஒரு படலம். இந்நேரம் வெள்ளைப் படிகங்கள் இறங்கிக் குடுவையின் அடி தெரியாமல் மறைந்திருக்க வேண்டும். ஒரு பொட்டுக்கூட இல்லை.

எழுபத்தாறு வயதிலும் அவர் ஆய்வகத்துக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டுதான் வருவார். தலைமைப் பொறுப்பை விட்டு ஆறு வருடமாகிறது. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவள் லைசான். அவர் மகன் இல்கிஸுடன் பத்து வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவள்.

"போதும் தல்கத் ஜாக்கீரோவிச். காலையிலேருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கலை நீங்க."

"டீ எங்கயும் ஓடிப்போகாது."

"நானும் பத்தொன்பது தடவை போட்டுப் பாத்துட்டேன். எனக்கு மட்டும் இது நடக்கணும்னு ஆசை இல்லையா?"

"உன் கை வேற. பிக்முல்லின் கை வேற."

பிக்முல்லின் கையும்தான் பதினொரு தடவை பார்த்தாயிற்றே என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் வளர்ந்த வீடு நல்ல வீடு. குடுவையை அவர் கையிலிருந்து வாங்கி, கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

பாஸ்பரஸையும் கந்தகத்தையும் ஒரே மூலக்கூறில் பிணைப்பது காஸான் ஊருக்குப் புதிதல்ல. பூச்சிமருந்து, எந்திர எண்ணெய், தாதுவைப் பிரிக்கும் மருந்து என்று அந்தச் சேர்மங்களுக்கு ஆயிரம் வேலை உண்டு. ஆனால் அவற்றைச் செய்யும் வழி என்றைக்கும் அசுத்தமானது. முதலில் குளோரினை உள்ளே சேர்க்க வேண்டும், பிறகு அதையே வெளியே விரட்ட வேண்டும். விரட்டியது அமிலப் புகையாக மேலே போகும். மிச்சம் கறுப்புக் கழிவாகப் பீப்பாய்களில் நிற்கும். தல்கத்தின் தகப்பனார் ஜாக்கீர் தன் நுரையீரலை அந்தப் புகைக்குக் கொடுத்தவர். தல்கத்தும் நாற்பது வருடம் அதே வழியில் நடந்தவர். இல்கிஸ்தான் வழியை மாற்றினான். இரண்டு பொருளையும் தண்ணீரில் போட்டுக் காற்றுப் படும்படி கலக்கினால் போதும். குளோரின் வேண்டாம், வேறு கரைப்பான் வேண்டாம், ஊக்கிவிட எந்த உலோகமும் வேண்டாம். கழிவாக மிஞ்சுவது தண்ணீர்தான். கட்டுரையின் தலைப்பிலேயே "உலோகமின்றி" என்று போட்டிருந்தான்.

கட்டுரை வந்த மறு வருடம் தலையில் கட்டி என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. அது நடந்து நான்கு வருடம்.

அவன் போன பிறகு காமா ஆற்றங்கரைத் தொழிற்சாலை ஒன்று அந்த முறையைக் கையில் எடுத்தது. இரண்டு தடவை முயன்றார்கள். இரண்டு தடவையும் வெறும் தண்ணீரைக் கலக்கிக் களைத்ததுதான் மிச்சம். லைசானுக்கு எழுதிக் கேட்டார்கள். ஆய்வகம் பழைய இடத்திலிருந்து மாறி வந்திருந்த புதுக் கட்டடத்தில் அவள் போட்டுப் பார்த்தாள், நடக்கவில்லை. அதற்குள் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் விஷயம் போய்விட்டது. இதழிலிருந்து வந்த கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. மூன்று வாரத்துக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் கட்டுரை விலக்கப்படும் என்றது. கட்டுரையில் இருந்த பெயர்கள் இரண்டு. விளக்கம் சொல்ல உயிரோடு இருந்தவர் தல்கத் ஒருவர்தான். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"மூணு பேர் திரும்பப் போட்டுப் பாத்தாங்களே," என்றார் அவர். "பழைய கட்டடத்துல. மூணு பேருக்கும் படிகம் வந்துச்சே. அதை எழுது."

லைசான் குழாயை மூடினாள். "எழுதினேன். ஃபாக்டரிக்காரங்க என்ன சொல்றாங்க தெரியுமா?"

"சொல்லு."

"வேண்டாம்."

"சொல்லுன்னா சொல்லு."

"அந்த மூணு பேரும் யாரு? உங்க கிட்ட வேலை பாத்தவங்க. உங்க லேபுல நின்னுக்கிட்டு, உங்க பையன் சொன்னது நடக்கலைன்னு உங்க மூஞ்சிக்கு நேரா யார் சொல்லுவாங்கன்னு கேக்கறாங்க. அதுல ஒருத்தர், அளவைக்கூடப் பாக்காம உங்களுக்குப் பிடிச்ச எண்ணை எழுதிக் குடுத்திருப்பாருன்னு சொல்றாங்க."

தல்கத் வெறும் தாங்கியின் திருகை இறுக்கினார். அவருடைய ஆய்வகத்தில் யாரும் உரக்கப் பேசியதில்லை. தாமதமாக வந்தவர் இல்லை. எதிர்த்துப் பேசியவரும் இல்லை. அதை அவர் இத்தனை நாளும் ஒழுங்கு என்றே நினைத்திருந்தார்.

வீட்டில் மின்னெகுல் மேசைமேல் இறைச்சிப் பணியாரமும் பால் ஊற்றிய டீயும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வரும் வாரம் மகனின் நினைவு நாள். முல்லா வருவார், இரு பக்கத்து உறவும் வரும். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் தாளில் எழுதி வைத்திருந்தாள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தார்.

"பக்கத்து வீட்டு மருமக இன்டர்நெட்டுல என்னமோ படிச்சாளாம்," என்றாள். "நம்ம பையன் பேரைப் போட்டு."

"அவளுக்கு வேற வேலை இல்லையா?"

"ருசு கேக்கறாங்களாமே."

"கேக்கட்டும். குடுப்போம்."

அவள் டீக்கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, குடிக்காமல் வைத்துக்கொண்டாள். "இல்கிஸ் அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. அந்த எண்ணெல்லாம் அவனே எழுதிக்கிட்டானா?"

தல்கத் எழுந்துவிட்டார். "இந்த வீட்டுல மூணு தலைமுறையா எவனாவது எண்ணைத் திருத்தினான்னு கேள்விப்பட்டிருக்கியா? பெத்தவ கேக்கற கேள்வியா இது?"

"பெத்தவதான் கேக்க முடியும். வேற யாரும் உங்க முன்னாடி கேக்க மாட்டாங்களே."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகனின் குறிப்பேடுகள் ஏழும் அலமாரியில் இருந்தன. மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்தார். எல்லா நாளும், எல்லா எடையும், நேரமும், வெளியே அடித்த குளிரும்கூட எழுதியிருந்தது. விளைச்சல் தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்பது, தொண்ணூறு. ஒரு நாள் குடுவை உடைந்ததைக்கூட "என் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தான். இப்படி எழுதுகிறவன் பொய் எழுதுவானா என்று கேட்டுக்கொண்டார். எழுத மாட்டான் என்பது தெரியும். தெரிவதை யாரிடம் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் புதுக் கட்டடத்தின் வாசலில், மேல்கோட்டு வாங்கி மாட்டும் இடத்தில், நூர்ஸிதா அவரைப் பிடித்துக்கொண்டாள். பழைய கட்டடத்தில் முப்பது வருடம் கண்ணாடிக் குடுவை கழுவியவள், அவரை அண்ணன் என்ற பொருளில் அபிய் என்றே அழைப்பவள். இங்கே குடுவை கழுவ எந்திரம் வந்துவிட்டதால் அவளைக் கோட்டுகளுக்குக் காவல் வைத்துவிட்டார்கள்.

"தல்கத் அபிய், உங்க கோட்டுல இப்பல்லாம் வாசமே வரலை. அதான் ஒடம்பு இளைச்சுப்போச்சு உங்களுக்கு."

"வாசம் வந்தா ஒடம்பு தேறுமா?"

"பின்னே? அந்த நாள்ல நாம டிராம்ல ஏறினா, கேஸ் கசியுதுன்னு பாதிப் பேரு அடுத்த நிறுத்தத்துல இறங்கிப் போவாங்க. நமக்கு உக்கார எடம் கிடைக்கும். இங்க என்னடான்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு." கோட்டின் தோளில் இருந்த பனியை அவள் தட்டிவிட்டாள். "தண்ணிகூட சுவத்துல இருக்கிற பொட்டியிலேருந்து வருது. பொத்தானை அமுக்கினா ஊத்துது. அது ஒரு தண்ணியா?"

"ரொம்ப சுத்தமான தண்ணி நூர்ஸிதா. அதுல ஒண்ணுமே இருக்காது."

"என் வாலையில மட்டும் என்ன இருந்துச்சாம்?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சனிக்கிழமை தவறாம வினிகர் ஊத்தித் தேய்ப்பேன். இந்த ஊருத் தண்ணி எப்படிக் கல்லு மாதிரி படியும்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த வாலை எப்படிப் பளபளன்னு இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

பழைய கட்டடத்தின் மூலையில், தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியைக் குளிரவைத்து வடிக்கும் அந்த வாலை அவர் கண்முன் வந்தது. இடுப்பளவு உயரம். அவருடைய ஆராய்ச்சியும் மகனுடைய ஆராய்ச்சியும் அது வடித்த தண்ணீரில்தான் நடந்தன.

"பளபளன்னுதான் இருந்துச்சு," என்றார்.

"வாங்கின புதுசுல உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா என்னமோ அப்பியிருந்துச்சு. நான் விட்டேனா? வருஷக் கணக்குல தேய்ச்சுத் தேய்ச்சு, டீ போடற சமோவார் மாதிரி செக்கச்செவேல்னு ஆக்கிட்டேன். நீங்கதானே மார்ச் எட்டு, மகளிர் தினத்துல எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக் காட்டினீங்க. இதுதான் சுத்தம்னு சொல்லி சாக்லேட் பொட்டி குடுத்தீங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அவள் சொன்ன அந்தச் சாம்பல் பூத்த வெள்ளை, அழுக்கு அல்ல. செம்புக்கு மேல் பூசிய ஈயம். செம்பு தண்ணீரில் இறங்காமல் காப்பதற்காகவே பூசியது. அது தேய்ந்து போனதை ஐம்பது வருடம் வேதியியல் படித்த மனிதர் குனிந்து பார்த்தார், சிவப்பாக மின்னுவதைக் கண்டு பெருமைப்பட்டார், பத்துப் பேரை அழைத்தும் காட்டினார்.

"என்ன அபிய், முகம் வெளுத்துப்போச்சு? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்லை. உன் வாலை மாதிரி எந்த லேபுலயும் கிடையாது."

"அப்படிச் சொல்லுங்க," என்று அவள் திருப்தியாக அவருடைய தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

படியேறும்போது அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அது வந்தபோது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். வாலைக்கு மேலே சுவரில் ஒரு தாள் தொங்கும். தண்ணீரின் தரம். வருடாவருடம் ஜனவரியில் தலைவர் கையெழுத்திட வேண்டும். "உலோகம்: இல்லை" என்று கடைசி வரி. அதை அவர் உண்மையாக அளந்து பார்த்தது ஒரே ஒரு முறை, வாலை புதிதாக வந்த வருடம். அதன்பின் முந்தைய வருடத்துத் தாளைப் பார்த்து எழுதிக் கையெழுத்திட்டார். எல்லா ஆய்வகத்திலும் எல்லாத் தலைவரும் செய்ததுதான். இல்கிஸ் கட்டுரை எழுதும்போது ஒருநாள் வந்து நின்றான்.

"அப்பா, அனுப்பறதுக்கு முன்னாடி தண்ணியை ஒரு தடவை அளந்துடலாமா?"

"எதுக்கு? சுவத்துல என் கையெழுத்து இருக்கில்ல?"

"இருக்கு. இருந்தாலும்..."

"என் கையெழுத்து உனக்குப் போதாதா?"

போதும் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். கட்டுரையில் நேர்மையாக எழுதியிருந்தான்: ஆய்வகத்தின் வாலைநீர், ஆய்வகப் பதிவேட்டின்படி உலோகம் இல்லாதது.

லைசானிடம் அவர் எதையும் விளக்கவில்லை. மயில்துத்தம் என்கிற செம்பு உப்பைக் கேட்டார். நகக்கண் அளவு எடுத்து ஒரு ஜாடித் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து சில துளிகளை மட்டும் பன்னிரண்டாவது குடுவையில் விட்டார். நீல நிறம் கண்ணுக்கே தெரியவில்லை. பிறகு கலக்கியை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் பால் போலக் கலங்கியது. மூன்றரைக்குப் படிகங்கள் இறங்கின. லைசான் ஓடிவந்து குடுவையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அழுதேவிட்டாள்.

"செம்பு. கடவுளே, தண்ணியில செம்பு இருந்திருக்கு. இல்கிஸ் பொய் சொல்லலை. அவன் பொய் சொல்லியிருப்பான்னு நான் ஒரு நாளும் நம்பலை தெரியுமா? இருந்தாலும் இத்தனை நாளா மனசுக்குள்ள..."

"எடை போடு."

எடை போட்டாள். எண்பத்தெட்டு சதவீதம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இதழுக்கு அனுப்பும் கடிதத்தை அப்போதே சொல்ல ஆரம்பித்தார். அவள் தட்டச்சு செய்தாள். பழைய கட்டடத்து வாலையின் ஈயப்பூச்சு தேய்ந்திருந்தது. தண்ணீரில் செம்பு கலந்திருந்தது. அதை அளக்காமலே அளந்ததாகக் கையெழுத்திட்டவன் நான். அளக்கலாமா என்று கேட்ட என் மகனைத் தடுத்தவனும் நான். அவன் கண்ணால் கண்டதையே எழுதினான். பிழை முழுவதும் என்னுடையது. இப்படிக்கு, தல்கத் ஜாக்கீரோவிச் பிக்முல்லின்.

தட்டச்சு செய்து முடித்தும் லைசான் அனுப்பும் பொத்தானை அழுத்தவில்லை.

"என்ன?"

"தல்கத் ஜாக்கீரோவிச், செம்பு போட்டா இது நடக்கும்னு வேற நாட்டுல ஒரு குழு ஏற்கெனவே எழுதியிருக்காங்க. நம்ம கட்டுரைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. இல்கிஸே அவங்களைக் குறிப்பிட்டிருக்கான். செம்பு இல்லாமலும் நடக்கும்ங்கிறதுதான் இவன் கண்டுபிடிப்பு."

அவருக்கு அது தெரியாததல்ல. படிகம் இறங்கிய சந்தோஷத்தில் அதை ஒரு மணி நேரம் நினைக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

"இதை அனுப்பினா," என்று அவள் மெதுவாகச் சொன்னாள், "அவன் பொய்யன் இல்லைன்னு ஆகும். ஆனா அவன் எதையும் கண்டுபிடிக்கலைன்னும் ஆகும். ஃபாக்டரியும் விட்டுடுவாங்க. செம்பைக் கழிவோட ஆத்துல விடக்கூடாதுன்னுதானே இந்த முறையைத் தேடி வந்தாங்க. அனுப்பாம, ஒரு வருஷம் அவகாசம் கேட்டுப் பாக்கலாமா? வேற ஏதாவது வழி..."

"பிக்முல்லின் வீட்டுல ஒருத்தன் கண்டுபிடிக்காம இருக்கலாம்," என்றார். "பொய் சொன்னவன்னு பேரு எடுக்கக் கூடாது. அனுப்பு."

அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. நன்றி தெரிவித்திருந்தார்கள். தண்ணீரில் செம்பு இருந்தது என்பதற்கு அந்தத் தண்ணீரின் மாதிரியோ, வாலையோ இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

அன்றே அவர் பழைய கட்டடத்துக்குப் போனார். அங்கே தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். வாலை நின்ற மூலையில் ஒரு பெண் சுவருக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார்.

"செம்பு, பித்தளை எல்லாம் முதல் வாரமே பழைய இரும்புக்காரன்கிட்ட போயிடுச்சு தாத்தா. உருக்கி ஒண்ணரை வருஷம் இருக்கும். உங்களுக்கு அதுல என்ன?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தப் பனியில இவ்வளவு தூரம் வந்தீங்க?"

வாலை இல்லை, தண்ணீரும் இல்லை என்று லைசான் எழுதினாள். நூர்ஸிதாவைச் சாட்சியாக எழுதலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் தல்கத். அவள் முப்பது வருடம் பெருமையாகச் செய்த வேலை ஒரு பிழையின் பெயரில் அச்சாக வேண்டியதில்லை. அந்த அவமானம் கையெழுத்திட்டவனோடு நிற்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை இதழின் அறிவிப்பு வந்தது. நான்கு வரி. லைசான் படித்துக்காட்டினாள். கட்டுரையின் முடிவுகளை மற்றவர்களால் மறுபடி செய்துகாட்ட முடியாததால் கட்டுரை விலக்கப்படுகிறது. தண்ணீரில் செம்பு கலந்திருக்கலாம் என்று ஆசிரியர்களில் ஒருவர் கருதுகிறார், அதைச் சரிபார்க்க இயலவில்லை. முதல் ஆசிரியர் விளக்கம் அளிக்க உயிரோடு இல்லை.

"கருதுகிறார்," என்றார் தல்கத்.

"ஆமா."

"முதல் ஆசிரியர் மேல குற்றமில்லைன்னு ஒரு வரி சேக்கச் சொல்லு."

"நேத்தே கேட்டேன். இந்த மாதிரி அறிவிப்புல யார் குத்தம், யார் குத்தமில்லைன்னு எழுதற வழக்கமில்லையாம்." அவள் அவர் கையைத் தொட்டாள். "நான் இன்னொரு தடவை எழுதறேன். பத்து தடவை வேணும்னாலும் எழுதறேன்."

"எழுது," என்றார். எழுதினாலும் அதே பதில்தான் வரும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவனுடைய பெயரை இனி எவன் தேடினாலும் அந்தக் கட்டுரை வரும், குறுக்கே சிவப்பு எழுத்தில் "விலக்கப்பட்டது" என்று வரும். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் நான்கு வரியை எத்தனை பேர் படிப்பார்கள்?

வீட்டுக்கு வந்தபோது மின்னெகுல் மறுநாள் விருந்துக்கு மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசை முழுவதும் மெல்லிய மாவுத் தகடுகள் உலர்ந்துகொண்டிருந்தன. சூப்புக்குச் சேமியா போல நறுக்க வேண்டும். தல்கத் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். வாலை, ஈயம், செம்பு, சுவரில் தொங்கிய தாள். தன் கையெழுத்து, மகன் வந்து கேட்டது.

அவள் கை நின்றுவிட்டது. "அப்ப பொய் எழுதலை."

"எழுதலை."

"ஒரு எண்ணுகூட?"

"ஒரு எண்ணுகூட இல்லை. பாத்ததைத்தான் எழுதினான்."

மின்னெகுல் மாவு படிந்த புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நெற்றியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் சிரித்தாள்கூட. பிறகு கேட்டாள்:

"தண்ணியை அளக்கலாமான்னு அவன் உங்ககிட்ட கேட்டான்னு சொன்னீங்களே. எத்தனை தடவை கேட்டான்?"

"ஒரு தடவை."

"உங்ககிட்ட ரெண்டாவது தடவை கேக்க மாட்டான்," என்றாள். குறை சொல்வது போலில்லை. கத்தியை எடுத்து ஒரு தகட்டைச் சுருட்டி நறுக்க ஆரம்பித்தாள். சீராக, மெல்லிசாக விழுந்தது. பாதியில் நிறுத்தினாள்.

"நாளைக்கு எல்லாரும் வருவாங்க. உங்க தங்கச்சி புருஷன் வழக்கம்போல எந்திரிச்சு நின்னு பேசுவாரு. போன வருஷம், நம்ம புள்ளை கண்டுபிடிச்சது ஆத்தையே காப்பாத்தப் போகுதுன்னாரு. இந்த வருஷம் முல்லா முன்னாடி அவரை என்னன்னு சொல்லச் சொல்றது? அவன் என்ன கண்டுபிடிச்சான்?"

தல்கத் வாயைத் திறந்தார். மகனின் ஏழு குறிப்பேடுகளிலும் இருந்த எண்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவை எல்லாமே செம்பு கலந்த தண்ணீரில் வந்தவை.

"சொல்லுங்க," என்றாள் மின்னெகுல். "மாவு காயுது."